பன்னிரண்டு வயதில் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்?

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மல், அனகாபுத்தூர் தாண்டித் திருமுடிவாக்கம் பக்கம் திரும்பினால் சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் என்று இந்தப் புறநகர் வட்டாரம் முழுக்கக் கடந்த சில ஆண்டுகளில் வலை கட்டிய டர்ஃப் மைதானங்கள் பெருகிவிட்டன. இரவில் ஷிஃப்ட் முடித்த இளைஞர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடும் இடமே, சாயங்காலத்தில் சிறுவர்களுக்கான கால்பந்து அகாடமியாகிவிடுகிறது. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டம் நடக்கும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், குரல் உடைந்திருக்கும். அவனைத் தடுக்க வேண்டிய பையனின் தலை அவன் தோளைக்கூட எட்டாது. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.

பெரியவன் பந்தை வாங்கி நேராக ஓடுகிறான். தடுக்க வந்தவர்கள் அவன் தோளில் பட்டு ஒதுங்குகிறார்கள். கோல். சின்னவன் பந்து வருவதற்கு முன்பே இருபக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். வந்த பந்தை ஒரே தொடுதலில் ஆளில்லாத பக்கம் தட்டிவிடுகிறான். அடுத்த நொடி யாரோ மோத, விழுந்துவிடுகிறான். வெளியே நிற்கும் அப்பாக்களில் ஒருவர், “அந்தப் பையனுக்குக் கண்டிப்பா பதினஞ்சு வயசு இருக்கும் சார், சர்டிஃபிகேட்ல ஏதோ பண்ணியிருக்காங்க” என்பார். அப்படிப் பண்ணுகிறவர்களும் நம் நாட்டில் உண்டுதான். ஆனால் வயதை யாருமே மறைக்காத அணிகளிலும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர் பெரியவனின் பெயரைக் குறித்துக்கொள்கிறார். அன்றைக்கு நன்றாக ஆடியவன் அவன்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இருபது வயதில் யார் நல்ல ஆட்டக்காரனாக இருப்பான் என்று அந்த ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டு ஆராய்ச்சி தரும் பதில், நம் தேர்வு முறைகளுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

முதல் துப்பு கிடைத்தது கால்பந்தில் அல்ல, கனடாவின் ஐஸ் ஹாக்கியில். 1980-களின் முற்பகுதியில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் தன் மனைவி பாவ்லாவுடன் லெத்பிரிட்ஜ் நகரில் இளையோர் ஹாக்கி ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே கொடுத்த அச்சிட்ட தாளில் வீரர்களின் பெயரோடு பிறந்த தேதியும் இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த பாவ்லாதான் முதலில் கவனித்தார்: ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று அந்த மாதங்களே திரும்பத் திரும்ப வந்தன. பார்ன்ஸ்லி வீட்டுக்குப் போய் மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்து எண்ணினார். சிறந்த இளையோர் அணிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 10 விழுக்காடுதான். அவருடைய ஆய்வு 1985-ல் வெளிவந்தது. கனடாவில் வயதுப் பிரிவைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1. அந்த நாளில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 31-ல் பிறந்தவனும் ஒரே அணிக்காக மோதுகிறார்கள். பத்து வயதில் ஓராண்டு என்பது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு. இந்தச் சாய்வைச் சார்பு வயது விளைவு என்று சொல்லலாம்.

பிறந்த மாதத்துக்கே ஏதோ மகிமை இருக்கிறது என்று ஒருவர் வாதிடக்கூடும். குளிர்காலத்தில் பிறந்த குழந்தைக்கு உடல்வாகு நன்றாக இருக்கும், கோடையில் பிறந்ததற்கு நோய் வரும் என்றெல்லாம் காரணம் கற்பிப்பது சுலபம். அறிவியல் இந்தச் சந்தேகத்தை எப்படித் தீர்த்தது என்பது ரசிக்க வேண்டிய கதை. இங்கிலாந்தில் பிரிவுக் கணக்கு செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. அங்கே இளையோர் அணிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். இதைவிட உறுதியான சான்று பெல்ஜியத்திலிருந்து வந்தது. அங்கே 1997-ல் கணக்கிடும் நாளை ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். வெர்னர் ஹெல்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மாற்றத்துக்கு முந்தைய பருவத்தையும் பிந்தைய பருவத்தையும் ஒப்பிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்தவர்களின் ஆதிக்கம் குறைந்து, ஜனவரியில் பிறந்தவர்கள் மேலே வந்திருந்தார்கள். குழந்தைகள் அதே குழந்தைகள், வெயிலும் குளிரும் அதே வெயிலும் குளிரும். மாறியது சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தில் இருந்த ஒரு தேதி மட்டுமே.

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இளையோர் பிரிவுகளும் ஜனவரி 1-ஐ வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே நம் பிள்ளைகளில் நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களுக்குத்தான் படி உயரம். நம் ஊரில் இதை எண்ணிப் பார்ப்பதில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது சாதாரணம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் மே, ஜூன் தேதிகள் எவ்வளவு மலிவு என்று தெரியும். அப்படிப்பட்ட பட்டியலில் மாதவாரியாக எண்ணினால் கிடைப்பது ஆசிரியர்களின் நல்லெண்ணம்தான். இப்போது பிள்ளைகள் மருத்துவமனையில் பிறந்து உடனே பதிவாகிவிடுவதால், இந்த ஆய்வை இனி நம்மாலும் நேர்மையாகச் செய்ய முடியும்.

சென்னையிலிருந்து போய்க் கொல்கத்தாவில் கொடிகட்டிப் பறந்த நந்தகுமார் சேகர் 1995 டிசம்பர் 20-ல் பிறந்தவர். 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்தவர் அவர்தான். ஜனவரி கணக்கில் பார்த்தால் தன் பிரிவிலேயே கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். இவரைக் காட்டி, ‘பாருங்கள், டிசம்பர் ஒரு தடையே இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. கதவு முழுதாக மூடப்படவில்லை என்பதைத்தான் அவர் காட்டுகிறார். அந்தக் கதவில் தட்டித் திரும்பிப் போனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

தேர்வானவனுக்கு நல்ல கோச், கூடுதல் பயிற்சி, வெளியூர் ஆட்டங்கள், ஷூ எல்லாம் கிடைக்கின்றன. இரண்டாண்டு கழித்து அவன் உண்மையாகவே மேலான ஆட்டக்காரன் ஆகிவிடுகிறான். பன்னிரண்டு வயதில் எடுத்த முடிவு சரிதான் என்று தேர்வாளருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்த வட்டத்தை உள்ளிருந்து பார்ப்பவரால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் பிறந்த தேதிப் பட்டியல்களை வெளியிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

பிறந்த மாதத்தால் வரும் வித்தியாசம் அதிகபட்சம் ஓராண்டு. மீசை அரும்பியவனுக்கும் அவன் தோளை எட்டாதவனுக்கும் இடையே தெரிவது அதைவிடப் பெரிது. அதைப் புரிந்துகொள்ள உடல் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

1759-ல் பிறந்த தன் மகனின் உயரத்தைப் பிரான்ஸ் நாட்டுப் பிரபு கெனோ தெ மோன்பேயார் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்தார். பதினெட்டு ஆண்டுகள் விடாமல் அளந்த அந்தக் கணக்கை இயற்கையியலாளர் பூஃபோன் தன் நூலில் வெளியிட்டார். ஒரே குழந்தையைப் பிறப்பிலிருந்து பெரியவனாகும்வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவு அது. உயரத்தைப் பார்த்தால் வரைகோடு சீராக ஏறுவதுபோல் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை செ.மீ. கூடியது என்று பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். குழந்தைப் பருவம் முழுக்க வளர்ச்சி வேகம் இறங்கிக்கொண்டே வந்து, ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவில் நிற்கும். பிறகு திடீரென்று உயர்ந்து, பையன்களுக்கு ஆண்டுக்கு ஒன்பது பத்து செ.மீ. வரை போய், மறுபடியும் சரிந்து நின்றுவிடும். அந்தச் சிகரத்தை உயர வேக உச்சம் என்கிறோம். சராசரியாகப் பையன்களுக்கு அது பதினான்கு வயதை ஒட்டி வருகிறது, பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டை ஒட்டி. ஆனால் ஒருவனுக்குப் பன்னிரண்டில் வரலாம், இன்னொருவனுக்குப் பதினாறில் வரலாம். இரண்டுமே ஆரோக்கியமான வளர்ச்சிதான்.

இந்தச் சிகரம் நீண்ட காலம் பலர் கண்ணுக்குத் தப்பியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பள்ளியில் ஒரே நாளில் எல்லா வயதுப் பிள்ளைகளையும் அளந்து சராசரி போட்டால், ஒவ்வொருவரின் சிகரமும் ஒவ்வொரு வயதில் வருவதால், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மழுங்கிவிடும். அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். லண்டனுக்கு அருகே ஹார்ப்பெண்டனில் இருந்த குழந்தைகள் இல்லத்தில் ஜேம்ஸ் டானரும் அளவீட்டாளர் ரெஜினால்டு வைட்ஹவுஸும் 1940-களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தது அதைத்தான். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் வளர்ச்சிக் கணக்குகளில் பெரும்பகுதி அந்தப் பொறுமையின் பலன்.

டானரும் வைட்ஹவுஸும் இன்னொன்றும் செய்தார்கள். இடது கையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்புகள் எவ்வளவு முதிர்ந்திருக்கின்றன என்று மதிப்பிடும் முறையை உருவாக்கினார்கள். குழந்தையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான ஒரு பகுதி இருக்கும். வளர்ச்சி நடப்பது அங்கேதான். அதை வளர்தட்டு என்று சொல்லலாம். வளர்ச்சி முடியும்போது அது எலும்பாகி மூடிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தெரியும் அந்த நிலைதான் எலும்பு வயது. பிறந்தநாள் கணக்கில் பதின்மூன்று வயதான பையன்களை வரிசையாக நிறுத்தி எலும்பு வயதைப் பார்த்தால் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்கக்கூடும். டர்ஃபில் நாம் பார்த்த இருவரின் புதிருக்கு விடை இதுதான். சான்றிதழில் இருவருக்கும் பதின்மூன்று. எலும்பில் ஒருவனுக்குப் பதினைந்து, மற்றவனுக்குப் பதினொன்று.

டி.டபிள்யூ.-3 என்ற பெயரில் இந்த மணிக்கட்டு எக்ஸ்ரேயை நம் நாட்டில் வயது மோசடியைப் பிடிக்கவும் பயன்படுத்துகிறார்கள். கிரிக்கெட் வாரியமும் கால்பந்துக் கூட்டமைப்பும் இதை நம்புகின்றன. ஃபிஃபா 2009 முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. மோசடி உண்மையான நோய். அதைத் தடுக்கும் முயற்சியைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் எலும்பு வயது பிறந்த தேதியைச் சொல்லாது, முதிர்ச்சியின் அளவைத்தான் சொல்லும். சீக்கிரம் முதிர்ந்த நேர்மையான பையனை அது வயது கூடியவன் என்று வெளியே அனுப்பிவிடலாம். உண்மையிலேயே வயதைக் குறைத்துக் காட்டிய, ஆனால் மெதுவாக முதிரும் பையனை உள்ளே விட்டுவிடலாம். விளையாட்டு மருத்துவர்கள் இதை அறிவார்கள். பெற்றோரிடமும் யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

வயல் தெரிந்தவர்களுக்கு இது விளங்குவது எளிது. ஆடுதுறை 36 நெல்லுக்கு வயது சுமார் 110 நாள். பொன்மணி என்கிற சி.ஆர். 1009 நூற்றைம்பது நாளைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில் நாற்று விட்டு, எண்பதாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் ஒன்று கதிர் தள்ளியிருக்கும், மற்றது வெறும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பொன்மணியைப் பிடுங்கிப் போடும் விவசாயி கிடையாது. அவருக்கு நெல்லின் வயது தெரியும். நம் தேர்வாளருக்குப் பையனின் உடல் எந்த நாளில் இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள ஏற்பாடும் இல்லை.

சின்னவர்களுக்கு மட்டும் இதில் நஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. சீக்கிரம் வளர்ந்தவனுக்கும் இது ஒரு பொறி. பன்னிரண்டு வயதில் ஓடியே ஜெயிக்க முடிகிறவனுக்கு, திரும்பிப் பார்க்கவும், இடது காலால் உதைக்கவும், நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றவும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே எழுவதில்லை. பதினேழு வயதில் மற்றவர்கள் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவன் கையில் பழைய ஆயுதமும் இருக்காது, புதியதும் இருக்காது. பதினான்கு வயதில் மாநிலமே பேசிய பையன் பிறகு எங்கே போனான் என்று நம் வட்டாரத்துக் கோச்சுகள் ஆதங்கத்தோடு கேட்பதற்கு ஒரு காரணம் இது. மெஸ்ஸியின் கதையை இங்கே பலர் எடுத்து வருவார்கள். அவருக்கு இருந்தது வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு. அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. மெதுவாக முதிரும் பையனுக்கு மருந்து தேவையில்லை, காலம்தான் தேவை. விளம்பரத்தில் வரும் எந்தப் பவுடரும் அவனுடைய உச்சத்தை முன்னுக்கு இழுத்துவிடாது.

உச்சம் நெருங்கும்போது உடலில் நடப்பதைக் கோச்சுகள் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் இன்னும் ஒன்று உண்டு. முதலில் பாதம் பெரிதாகும். ஜூனில் வாங்கிய ஷூ அக்டோபரில் கடிக்கும். பிறகு கால்கள் நீளும், பள்ளி பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறும். உடற்பகுதி அதற்கப்புறம்தான் நீள்கிறது. தசை வலு கூடுவது உயர உச்சம் கடந்த பிறகு. எலும்பில் தாது நிறைவது அதற்கும் பிந்தி. ஆக, நெம்புகோல் நீண்டுவிட்டது, அதை இயக்கும் வலு இன்னும் வந்து சேரவில்லை. நேற்றுவரை லாவகமாக டிரிபிளிங் செய்தவன் இன்று தன் காலிலேயே தடுக்கி விழுவான். “என்னடா, சோம்பேறி ஆயிட்டியா” என்று கோச் கத்துவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நெதர்லாந்தில் இளம் ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, அடிபடுவது உயர உச்சம் வரும் ஆண்டில் கூடியிருந்ததைக் கண்டார்கள்.

அடியே படாமலும் வலி வரும். பத்துப் பதினோரு வயதுப் பையன் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலில் நடந்து வருகிறான் என்றால் உட்காரவைத்து, குதிகாலின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்திப் பாருங்கள். துள்ளினால், குதிகால் தசைநாண் இழுக்கும் இடத்தில் வளர்தட்டு புண்பட்டிருக்கிறது என்று பொருள். பன்னிரண்டு பதினான்கு வயதில் அதே இழுவை முழங்காலுக்குக் கீழே வரும். அங்கே சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். 1903-ல் தனித்தனியே இதை விவரித்த ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் மருத்துவ உலகம் இதை அழைக்கிறது. பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு ஓட்டமும் குதிப்பும் குறைய வேண்டும். காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்று ஓடும் பையனின் மொத்தச் சுமையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கோச் தன் பயிற்சியை மட்டும் கணக்கில் வைக்கிறார், பி.டி. சார் தன்னுடையதை மட்டும். காலுக்குத்தான் எல்லாம் சேர்ந்து தெரிகிறது.

உச்சம் எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே வேண்டாம். ஒரு சுவர், பென்சில், மூலைமட்டம் போதும். ஷூவைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட, பார்வை நேராக இருக்க நிறுத்தி, மூலைமட்டத்தைத் தலைமேல் பதித்துக் கோடு போட வேண்டும். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஏனென்றால் காலையில் இருப்பதைவிட மாலையில் எல்லோருமே ஒரு செ.மீ. அளவுக்குக் குறைந்திருப்போம், முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதால். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வழக்கமாக ஒன்றேகால் செ.மீ. கூடுகிறவன் இரண்டைத் தாண்டினால் உச்சம் நெருங்கிவிட்டது. அந்த மாதங்களில் குதிப்புகளையும் நீண்ட ஓட்டங்களையும் குறைத்து, சமநிலைப் பயிற்சிகளையும் பந்தோடு செய்யும் மெதுவான வேலைகளையும் கூட்டலாம். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. சரியான மேற்பார்வையில் தன் உடல் எடையையும் லேசான எடைகளையும் வைத்துச் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. காயத்தைக் குறைக்கவே உதவுகிறது.

பையன் முழு உயரத்தில் எத்தனை விழுக்காட்டை எட்டியிருக்கிறான் என்று மதிப்பிடவும் வழி உண்டு. அவன் வயது, உயரம், எடை, பெற்றோர் இருவரின் உயரம் ஆகியவற்றிலிருந்து இறுதி உயரத்தைக் கணிக்கும் முறையை காமிஸ், ரோச் என்ற இருவர் 1994-ல் வெளியிட்டார்கள். சில செ.மீ. பிசகும். அமெரிக்க வெள்ளையினக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து பிறந்த கணக்கு என்பதால் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் குழுவைச் சிறியவர், இடைநிலையினர், முதிர்ந்தவர் என்று மூன்றாகப் பிரிக்க அது போதும்.

இந்தக் கணக்கை வைத்து இங்கிலாந்தில் ஒரு பரிசோதனை நடந்தது. நான்கு தொழில்முறை கிளப்புகளின் அகாடமிப் பிள்ளைகளில், இறுதி உயரத்தில் 85-லிருந்து 90 விழுக்காடுவரை எட்டியவர்களை மட்டும் சேர்த்து ஆடவிட்டார்கள். பிறந்தநாள்படி அவர்களுக்குப் பதினொன்று முதல் பதினான்கு வயது. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கமிங்கும் சகாக்களும் ஆட்டத்துக்குப் பிறகு பிள்ளைகளிடமே பேசினார்கள். சீக்கிரம் முதிர்ந்தவர்கள், வழக்கமாகத் தோளால் செய்வதை இங்கே மூளையால் செய்ய வேண்டியிருந்தது என்றார்கள். தாமதமாக முதிர்பவர்களோ, முதன்முறையாகப் பந்தை வைத்துக்கொள்ளவும் அணியை வழிநடத்தவும் முடிந்தது என்றார்கள். இரு தரப்புக்கும் பிடித்திருந்தது. முதிர்வுவாரி ஆட்டம் எப்போதும் வேண்டியதில்லை. வழக்கமான வாரங்களில் வயதுப் பிரிவு, மாதத்துக்கு ஒருமுறை முதிர்வுப் பிரிவு என்று கலந்தால் போதும். பெல்ஜியம் தாமதமாக முதிர்பவர்களுக்கென்றே தேசிய அளவில் தனி இளையோர் அணி வைத்தது. மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத நாடு, ஒரு பையனையும் வீணாக்க முடியாது என்று கணக்குப் போட்டது.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். ஏழெட்டு வயதில் வேண்டியது பந்தும் நண்பர்களும்தான். முழு மைதானம் 105 மீட்டர் நீளம். கோல் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். அதில் எட்டு வயதுப் பிள்ளைகளை இருபத்திரண்டு பேராக விட்டால், கோலியின் தலைக்கு மேல் அடிப்பவன் கோல் போடுவான், மற்றவர்கள் பந்தைத் தொடாமலே வீடு திரும்புவார்கள். நாலுக்கு நாலு ஆடினால் ஒவ்வொருவருக்கும் பந்து பலமடங்கு கிடைக்கும். அமெரிக்காவில் எட்டு வயதுவரை நாலு பேர், பத்துவரை ஏழு, பன்னிரண்டுவரை ஒன்பது, அதற்குப் பிறகே பதினொன்று என்று விதியாகவே கொண்டுவந்தார்கள். அங்கே பத்து வயதுவரை தலையால் முட்டுவதற்கும் தடை. நம் புறநகர் டர்ஃபுகள் இட நெருக்கடியால் சிறியவை. சிறுவர்களைப் பொறுத்தவரை அது வரம். வியாசர்பாடியின் சந்துகளில் வயது வித்தியாசம் பார்க்காமல் அண்ணன்களோடு ஆடி வளர்ந்து இந்திய அணிவரை போன தனபால் கணேஷுக்கு எந்த அட்டவணையும் இருக்கவில்லை. பந்துதான் இருந்தது. எந்த வயதில் எந்தத் திறனுக்கு ‘ஜன்னல்’ திறக்கும் என்று பல அகாடமிச் சுவர்களில் வண்ண அட்டவணை தொங்குகிறது. அந்த ஜன்னல்களுக்கு ஆதாரம் மெலிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. அவர்களுக்கு உச்சம் இரண்டாண்டு முந்தி வருவதால், பையன்களுக்கு எட்டாம் வகுப்பில் வரும் குழப்பம் இவர்களுக்கு ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும். உச்சம் கடந்து சுமார் ஓராண்டில் பூப்பு. மஞ்சள் நீராட்டு முடிந்ததும் ‘இனி கிரவுண்டுக்கு வேண்டாம்’ என்று எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். உடற்கூறு சொல்வது நேரெதிர். வேக வளர்ச்சியின் தடுமாற்றம் முடிந்து, வலுவும் திறனும் ஒன்றுசேரத் தொடங்குவது அப்போதுதான். 2018-லும் 2023-லும் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டம் வென்ற மாநிலம் நம்முடையது. கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் அந்த வயதில் நிறுத்தியிருந்தால் அந்தப் பட்டங்கள் எங்கே?

நம் போட்டிகளின் பிரிவுகளையும் பார்க்க வேண்டும். பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்றே பிரிவுகள். முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயதுவரை ஒன்றுதான். ஏழாம் வகுப்புப் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பையனோடு மோத வேண்டிய அமைப்பு அது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. ஏழாம் வகுப்பு என்பது பன்னிரண்டு வயது, எலும்புகள் மிகவும் கலைந்து நிற்கும் தருணம். பதினொன்றிலும் ஒரு வாசல் இருப்பது நல்லது. அந்த வாசல் வழியாகக் கூடுதல் இடங்கள் வர வேண்டும்.

செலவே இல்லாத ஒரு வழி ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தில் டேவிட் மான் என்ற ஆய்வாளரும் சகாவும் தேர்வாளர்களுக்குச் சிறுவர் ஆட்டத்தைக் காட்டினார்கள். பிறந்த தேதி தெரியாதபோது மூத்தவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோதும் சாய்வு போகவில்லை. ஜெர்சி எண்ணையே வயது வரிசையில் கொடுத்தபோதுதான் போனது. கண் ஆட்டத்தைப் பார்க்கும் அதே நொடியில் வயதும் தெரிந்தது.

அடுத்த முறை விடுதிச் சேர்க்கைக்கோ மாவட்ட அணிக்கோ பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது, வந்த வரிசையில் எண் கொடுக்காதீர்கள். பிறந்த தேதி வரிசையில் கொடுங்கள். விண்ணப்பத்தில் அப்பா அம்மா உயரத்துக்கு இரண்டு கட்டம் சேருங்கள். ‘இந்த ஆண்டு இல்லை’ என்று அனுப்பும் பிள்ளைகளின் பெயரைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்து, இரண்டாண்டு கழித்து அவர்களையே மறுபடி கூப்பிடுங்கள். திருமுடிவாக்கத்திலோ வேறெங்கோ டர்ஃபுக்கு வெளியே காத்து நிற்கும் அப்பா அம்மாக்களும், ‘என் பையன் எடுபடுவானா’ என்று கேட்பதற்கு முன் ‘அவனைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்’ என்று கோச்சிடம் கேளுங்கள்.